வெட்டிவிட்ட ரோடு

அன்புள்ள காயத்ரிக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் அந்தக் குளிரில் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். நாங்கள் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மழை பிடித்ததிலிருந்து வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கூடத்து ஜன்னலோரம், அங்கேதான் உன் அத்தை சந்திரகலாவின் கட்டில் கிடக்கிறது. உன்னிடம் நான் சொல்லப்போவது எதுவும் அவள் காதில் விழக்கூடாது. அந்தச் சின்னத் திரையில் எழுத்தைக் குத்திக் குத்தி எழுதவும் எனக்குப் பொறுமை இல்லை, நான் எழுதாத வார்த்தையை அதுவாகவே போட்டுவிடுகிறது. நம் நிலத்தில் முன்பு வேலை செய்த தாவீதின் மகன் ராபின், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், உனக்குத் தெரியும். நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது இதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போவான். சிக்னல் கிடைத்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் பிறகு போனைக் கையில் எடு.

உன் புது வண்டியின் படம் பார்த்தேன். பனிக்கு நடுவில் அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறாய். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, இனி எந்தப் பனியும் என்னை வீட்டில் உட்கார வைக்காது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்தான். ஆனால் நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்பவும் ஏறவும்தான் துணை, நிற்பதற்குத் துணை இல்லை. பிரேக் போட்டால் உன் வண்டியும் பக்கத்து வீட்டுச் சின்ன வண்டியும் ஒரே மாதிரிதான் சறுக்கும், உன்னுடையது கனம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சறுக்கும். முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் நடுவில் நீ நினைப்பதைவிட இரண்டு பங்கு இடம் விடு. குளிருக்கென்று தனி டயர் விற்கிறார்களாமே, நான்கையும் மாற்று, இரண்டு போதும் என்று கடைக்காரன் சொன்னால் கேட்காதே. அங்கே ரோட்டில் உப்புப் போடுவார்கள் என்று நீதான் சொன்னாய், அப்படியானால் வண்டியின் அடிப்பக்கத்தை வாரம் ஒரு தடவையாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், மேலே பளபளப்பாக வைத்துக்கொண்டு அடியில் துருப்பிடிக்க விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது. பனி மூடிய இடத்தில், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சக்கரத்தை வைக்காதே. நேற்று அந்த வழியாகத்தான் போனேன் என்பது ஒரு காரணமே இல்லை. இந்தக் கடைசி வரியை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, மேலே படித்தால் உனக்கே விளங்கும்.

உன் அப்பா போனபிறகு நம் பழைய ஜீப் வண்டியை விற்றுவிடச் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. நீயும் சொன்னாய். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் உன் அத்தையை டயாலிசிஸுக்குத் திருவள்ளூர் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பி ரோட்டின் மேல் வழிந்தால் நம் ஊருக்குள் ஆட்டோவும் வராது, வாடகைக் காரும் வராது. அதனால் நானே ஓட்டினேன். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் யாருக்கும்மா என்று கேட்டார், எனக்குத்தான் என்றேன், அவர் என் முகத்தையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்ததை உனக்கு அப்போதே சொல்லிச் சிரித்தேன். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான்கு சக்கரத்தையும் சேர்க்கிற அந்தச் சின்ன லீவர், உபயோகிக்காமல் விட்டால் இறுகிவிடும் என்று மாதம் ஒருமுறை ஆற்று மணலில் இறக்கிப் போட்டுப் பார்ப்பேன். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போடவே மாட்டேன், கியர்ப் பல் தேய்ந்துபோகும். தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாள் ராபினை அடியில் படுக்க வைத்து, கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிட வேண்டும். ராபின் அலுத்துக்கொள்வான். இன்னாம்மா நீங்க, வண்டி வச்சிக்கினு கீறீங்களா, இல்ல எனக்குப் பரீட்சை வச்சிக்கினு கீறீங்களா என்பான். அலுத்துக்கொண்டாலும் செய்வான். உன் அத்தை வேறு அவனோடு சேர்ந்துகொள்வாள். எங்க அண்ணி கோயிலச் சுத்தற மாதிரி வண்டிய மூணு சுத்து சுத்திட்டுத்தான் ஏறுவாங்க, தட்டுல கற்பூரம் மட்டுந்தான் இல்ல என்பாள்.

போன வெள்ளிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஏரித் திருப்பத்தில் தண்ணீர் ரோட்டைக் கடந்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு, குடைக் கம்பால் குத்திப் பார்த்தபடி அந்தத் தாழ்வு முழுவதையும் நடந்து பார்த்தேன். பாதி டயருக்குக் கீழேதான் தண்ணீர், அடியில் தார் உறுதியாக இருந்தது. லீவரைக் கீழே தள்ளி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல், அலை கிளம்பாமல், ஒரே வேகத்தில் கடந்தேன். அக்கரை ஏறியதும் பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காய வைத்துக்கொண்டுதான் வேகம் பிடித்தேன். திருவள்ளூரில் எல்லாம் நன்றாக நடந்தது. மெஷினோடு படுத்துக்கொண்டு உன் அத்தை நர்ஸ் பெண்ணிடம், எங்க அண்ணி அவங்க வண்டிக்கு ஆயில் மாத்தற மாதிரி நீ எனக்கு ரத்தம் மாத்தற, நான் எத்தினி கிலோமீட்டர் ஓடுவேன் சொல்லு என்று கேட்டு அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்தாள். திரும்பும்போது மறுபடி மழை. அனல்மின் நிலையத்திலிருந்து செங்கல் சூளைக்குப் போகிற சாம்பல் லாரிகள் பெரியபாளையம் வரை சிந்திக்கொண்டே போயிருந்தன, சாம்பல் மழையில் ஊறி ரோடு சோப்புத் தேய்த்தது போலக் கிடந்தது, ஊர்ந்துதான் வந்தேன். ஏரித் திருப்பத்துக்கு வந்து பார்த்தால் தண்ணீர் காலையில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ரோட்டோரக் கற்களின் சுண்ணாம்பு நன்றாகத் தெரிந்தது. பார் சந்திரகலா, வடிய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னேன். அவ்வளவு மழையில் தண்ணீர் எதற்காகக் குறைய வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை காயத்ரி. எல்லாவற்றையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை.

காலையில் போட்ட அதே கியரில் இறங்கினேன். நடுவில் போனதும் முன்பக்கம் கீழே போயிற்று. பள்ளத்தில் விழுந்த மாதிரி இல்லை, ரோடே அங்கே இல்லை. வண்டியின் மூக்கு தண்ணீருக்குள் புகுந்து, இஞ்சின் ஒரு தடவை இருமி நின்றது. கதவுக்கு மேல் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது, உள்ளே கால், மடி, மார்பு என்று ஏறியது. உன் அத்தை பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் போட்டிருக்கும் டயாலிசிஸ் குழாய் நனையக்கூடாது, குளிக்கும்போதுகூட அதற்கு உறை போட்டு ஒட்டித்தான் குளிப்பாட்டுவேன். பெல்ட்டைக் கழற்றி, ஒரு கையால் அவள் தாடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். தண்ணீர் குடித்த இஞ்சினை யாராவது அவசரத்தில் ஸ்டார்ட் செய்தால் உள்ளே தண்டு வளைந்துவிடும், அதற்காக. அந்த நேரத்திலும் எனக்கு அது நினைவிருந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் வந்தார்கள். உன் அத்தையைப் பின் கதவு வழியாக இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது அவள் ஒரு தடவை முழுவதுமாக மூழ்கி எழுந்தாள். அவளைத் தூக்கிப்போனவன் உன் சித்தப்பா தணிகைவேல். ரோட்டை வெட்டியவனும் அவன்தான்.

நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஜேசிபி கொண்டுவந்து வெட்டியிருக்கிறார்கள். மேல்பக்கத்து வயல்களில் கதிர் வருகிற பருவம், தண்ணீர் நின்றால் அழுகிவிடும், ரோட்டை வெட்டிக் கீழ்ப்பக்கம் விட்டால் பிழைக்கும். நம் நெல்லும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இது இங்கே புதிது இல்லை, பெரிய மழை வந்தால் எல்லாரும் செய்வதுதான், வெட்டினால் இரண்டு கரையிலும் ஒரு மரக்கிளையை நட்டு வைப்பார்கள், வருகிறவன் பார்த்து நின்றுகொள்ள வேண்டும். இந்த முறை ஊர்ப் பக்கமாக இருந்துகொண்டு வெட்டினார்கள். வெட்டி முடித்துத் தண்ணீர் பாய ஆரம்பித்தபிறகுதான் அந்தக் கரையில் கிளை நடவில்லையே என்று ஒருவனுக்கு நினைவு வந்திருக்கிறது. அப்போது யாரும் தாண்ட முடியவில்லை. நம் பக்கம் மட்டும் ஒரு வேப்பங்கிளை நின்றுகொண்டிருந்தது, வண்டிக்குள் இருந்தபடியே அதைப் பார்த்தேன். உன் சித்தப்பா நனைந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு, இந்த மழையில நீங்க வண்டி எடுத்திருக்க மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன் அண்ணி, ஊட்லதான் கீறீங்கன்னு நெனச்சிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இத்தனை நாளில் நான் ஒரு வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும். சந்திரகலா அவனுடைய கூடப் பிறந்த தங்கை. நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அன்றிலிருந்து நம் ஊருக்கும் பெரியபாளையம் பக்கத்து ஆரணிக்கும் நடுவில் ஒரு கயிறுதான் வழி. வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள். வண்டியை மறுநாள் அந்தப் பக்கமாக இழுத்து ஆரணியில் மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறது. உன் அத்தைக்கு சனிக்கிழமையே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டு, அவர்கள் சொன்ன மாத்திரையை ராபின் வாங்கிவந்து கொடுத்தான், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. செவ்வாய்க்கிழமை படகு கேட்டுச் சொல்லியனுப்பினேன், படகும் வந்தது, கடந்தபிறகு ஏற்றிப்போக ராபின் கார் பேசி அக்கரையில் நிறுத்தியிருந்தான். நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதுமே அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தாள். கரைக்குப் போனதும் கத்தினாள். உனக்குத் தெரியும், பிரசவத்திலேயே குழந்தை போய், அடுத்த வருஷமே புருஷனும் போய் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளில்கூட அவள் சத்தம் போட்டு அழுததில்லை. என்ன அந்தத் தண்ணில எறக்காதீங்க அண்ணி, ஊட்லயே வுட்டுடுங்க என்று ஊர் முழுவதும் கேட்கும்படி கத்தினாள். படகுக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். செவ்வாய் தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறேன். வெள்ளியும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அதற்குமேல் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாதம்மா என்று அந்த நர்ஸ் பெண் சொன்னாள். இன்று புதன்.

தண்ணீரைப் பார்க்காமல் அவளைக் கொண்டுபோக ஒரே வழி, வெட்டிய இடத்தைக் கல்லும் மண்ணும் போட்டு மூடுவது. மூடினால் கார் வீட்டு வாசலுக்கே வரும், கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவாள். இன்று காலையில் உன் சித்தப்பா வீட்டில் நிலக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டு நானே போனேன். நான் யார் வீட்டுக்கும் எதுவும் கேட்டுப் போனவள் இல்லை. மூடுங்கள், என் நெல் முழுவதும் அழுகட்டும், எனக்கு வேண்டாம் என்றேன். பின்னாலிருந்து ஒருவன், யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, உங்களுக்குப் பொண்ணு கனடாவுல கீது பெரியம்மா, எங்களுக்கு இந்த நெல்லுதான் கீது என்றான். சரியாகத்தான் சொன்னான். உன் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஞாயித்துக்கிழமைக்குள்ள வடிஞ்சிடும் அண்ணி, நானே மூடிடறேன் என்றான். உன் தங்கைக்கு வெள்ளிக்கிழமை வரைதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அதற்குள் செய்தி அவளுக்கு வந்திருக்கிறது. மூடச் சொல்லாதீங்க அண்ணி, ஊர்ப் பயிர அழிச்சிட்டு நான் பொழைச்சி இன்னா பண்ணப்போறேன், எங்க அண்ணன எதுவும் சொல்லாதீங்க, அது ஏற்கெனவே சோறு துன்றதில்லையாம் என்றாள். மதியம் மெக்கானிக் ராபினிடம் சொல்லியனுப்பியிருக்கிறான், அம்மா சாவிய எடுத்தது நல்லதாப் போச்சி, இஞ்சின் பொழைச்சிக்கும் என்று. அதைக் கேட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். எனக்கு எதைக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறது பார்.

நான் சொன்னால் கேட்பாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கேட்கவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், எனக்குக் கெஞ்சத் தெரியவில்லை, அதட்டுவது போல வந்துவிட்டது. மாலையில் கஞ்சி கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னாள். காயத்ரி வர்றதா இருந்தா சொல்லுங்க அண்ணி, அதுவரைக்கும் எப்பிடியாவது இருந்துக்கறேன் என்று, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை பின்னினால் வலிக்கிறது என்று அழுதுவிட்டு நீ அவள் மடியில் போய் உட்காருவாய். நீ அவளுடைய குழந்தைதான், அதில் எனக்கு வருத்தம் உண்டு, இப்போது அதைப் பேச நேரமில்லை.

உன்னை வா என்று நான் எழுதவில்லை. உனக்கு லீவு கிடைக்காது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், நீ புறப்பட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரமுடியாது, எல்லாம் எனக்குத் தெரியும். நீ செய்ய வேண்டியது இதுதான். எங்களுக்கு வியாழன் மாலையில் போன் செய், என்னிடம் பேசாதே, நேராக அத்தையிடம் கொடுக்கச் சொல். டிக்கெட் எடுத்துவிட்டேன் அத்தை, பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று சொல். தேதி கேட்பாள், ஒரு தேதியைச் சொல். குழந்தையையும் அழைத்துவருகிறேன் என்று சொல். அதனால் நீ வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு படகில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று சொல். உடம்பு எப்படி என்று கேட்காதே, அழாதே, உன் குரல் சந்தோஷமாக இருக்க வேண்டும். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு வேறு எதைக் கற்றுக்கொடுத்தார்களோ இல்லையோ, பொய் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சின்னப் பொய்க்கு உன்னை நான் அடித்து, அவள் குறுக்கே வந்து அந்த அடியை வாங்கிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். நான்தான் இப்போது சொல்கிறேன், பொய் சொல். தடுமாறாமல் சொல்.

படகை வெள்ளி காலை மறுபடியும் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வந்தால் வாடகைக் காரில் அவள் பக்கத்தில் உட்காருவேன். வராவிட்டால் வீட்டில் அவள் பக்கத்தில் உட்காருவேன். அதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக வாழ வேண்டும், உன் அப்பா எங்கிருந்தாலும் உங்களைப் பார்த்துக்கொள்வார். வியாழன் மாலை, எங்கள் நேரம் ஆறு மணிக்குள். விளக்கு வைத்தபிறகு அவள் களைத்துத் தூங்கிவிடுகிறாள்.

உன் அம்மா,
திலகவதி சடையப்பன்